சித்தி பார்த்துக்கொண்ட வீடு

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலில் சனிக்கிழமை மாலை என்றால் நிற்க இடம் இருக்காது. ஒரே கல்லில் 32 அடி உயரம் நிற்கிறவரை அண்ணாந்து பார்த்தபடி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற மாமி, எங்கள் பக்கத்துத் தெரு, திரும்பிக் கேட்டார்:

"உங்க அக்கா பொண்ணு உங்காத்துலதானே இருக்கா? என்ன பண்றா?"

"எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சுட்டு ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கரா இருக்கா மாமி."

"அப்படியா? நல்ல புண்ணியம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சம்பளம்னு ஏதாவது தராளோ?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. வரன் பார்த்துத் தரலாம் என்ற அக்கறையில் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. டாக்டருக்கு அந்தக் கேள்வி வராது. வங்கியில் இருப்பவருக்கும் வராது. சமூகப் பணி என்றதும் நம் மனத்தில் தோன்றுவது ஒரு தியாகப் படம். சொத்தைக் கொடுத்தவர், சுகத்தைத் துறந்தவர், கல்யாணமே வேண்டாம் என்றவர். மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டிய மனுஷி அந்தப் படத்தில் இல்லை.

என் அக்கா மகள் கும்பகோணத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கிப் படித்தவள். தினமும் பழவந்தாங்கலில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவாள். அவள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பேஷன்ட்டுங்க படிப்பாங்க சித்தி. என்கிட்ட சொன்னதை நான் வெளியில சொல்லிட்டேன்னு நினைச்சுட்டா?" அவள் தொழிலின் முதல் விதி அது. நானும் அதை மீறப்போவதில்லை. அவளைப் பற்றிப் பிறகு கொஞ்சம் சொல்கிறேன். அதற்கு முன், இந்த ஊரில் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதிலும் ஒரு சித்தி இருக்கிறார்.

சிஸ்டர் சுப்புலட்சுமி என்றால் மயிலாப்பூரில் வயதானவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1886 ஆகஸ்ட் 18-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பூர்வீகம் அன்றைய தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். அப்பா சுப்ரமணிய ஐயர் பொதுப்பணித் துறையில் பொறியாளர். அம்மா விசாலாட்சி. ஒன்பது வயதில் பொதுத்தேர்வு எழுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நான்காவதாக வந்த பெண். அந்தக் காலத்து வழக்கப்படி பதினொரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். வெகு சீக்கிரத்தில் கணவர் இறந்துபோனார்.

பதினொரு, பன்னிரண்டு வயது விதவை என்றால் அக்கால அந்தணர் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலையை மழித்து, நார்மடி கட்டவைத்து, ஒருவேளைச் சோற்றோடு அடுக்களை இருட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது. சுப்புலட்சுமியின் பெற்றோர் அதைச் செய்யவில்லை. அப்பா வீட்டிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்ட் பள்ளிக்கு அனுப்பினார். விதவைப் பெண் புத்தகத்தோடு தெருவில் நடக்கிறாள் என்று உறவும் ஊரும் பேசாத பேச்சில்லை. குடும்பம் தாங்கிக்கொண்டது.

1911 ஏப்ரலில் பிரசிடென்சி கல்லூரியில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான். வயது இருபத்துநான்கு.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் அவரை ஒரு பீடத்தில் ஏற்றிவிட்டு, நேரே 1958 பத்மஸ்ரீக்குப் போய்விடுகின்றன. எனக்கு ஆர்வம் இடையில் இருப்பதில்தான். பட்டம் வாங்கிய அந்தப் பெண் அடுத்த நாள் காலை என்ன செய்தார்? வேலைக்குப் போனார். ஆசிரியர் பயிற்சி பெற்று அரசுப் பணியில் சேர்ந்தார். அவர் செய்த சேவைக்கு அடித்தளம் ஒரு டிகிரி, ஒரு பயிற்சிச் சான்றிதழ், ஒரு மாதச் சம்பளம்.

1912-ல் சாரதா பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் குடும்பம் இருந்த வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு படிக்கவைத்தார். நான்கு பேர்! இன்று ஒரு திட்ட அறிக்கையில் நான்கு பயனாளிகள் என்று எழுதினால் நிதி கொடுப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நான்கு பெண்களுக்கு யார் சமைத்தது? இரவில் அம்மாவை நினைத்து அழுத குழந்தைகளை யார் அணைத்துக்கொண்டது? சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். அக்கா மகளின் வீட்டைத் தன் வீடாக எடுத்துக்கொண்டு நடத்தியவர். சுப்புலட்சுமி காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும்போது அங்கே ஒரு வீடு இருந்தது என்றால், அது அந்தச் சித்தியால் இருந்தது. அவருக்குப் பட்டமும் இல்லை, பத்மஸ்ரீயும் இல்லை. சுப்புலட்சுமியின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் என் கண் இந்தப் பெயரில்தான் நிற்கிறது.

பெண்கள் பெருகினார்கள், வீடு போதவில்லை. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இருந்தது. 1842-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய வட்டக் கட்டடம். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடமும் அதுதான். 1917-ல் அரசு அதை வாங்கியது, பிறகு சுப்புலட்சுமியின் விதவையர் இல்லம் அங்கே குடிவந்தது. பக்கத்திலேயே 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமி. இல்லத்தில் படித்து முடித்த பெண் அடுத்த கட்டடத்தில் ஆசிரியையாகப் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கும் மனுஷியாக வெளியே வரலாம். இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் இருக்கும் அந்தச் சில அடி தூரத்தை நான் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப்போவதில்லை. சுப்புலட்சுமி அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். இன்று எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் மறுவாழ்வு என்று பாடம் நடத்துகிறார்களே, அதைப் பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே செய்து முடித்தவர்.

அந்த இல்லத்தில் ஒரு குறையும் இருந்தது. பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. அதற்காகவே 1927-ல் பெரியவர்களும் தங்கிப் படிக்கும் சாரதா வித்யாலயா வந்தது. பிறகு அது ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போய், இன்றும் தி.நகரில் நடக்கிறது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விதவையர் இல்லம் அந்தணப் பெண்களுக்கு மட்டும் என்றே தொடங்கியது. மற்றவர்களோடு சேர்த்தால் பெற்றோர் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள் என்பது அன்றைய கணக்கு. கணக்கு நடைமுறையில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அரசு உதவியோடு நடந்த ஓர் இல்லத்தின் வாசலில் மற்றச் சாதிப் பெண்கள் நிற்க முடியவில்லை என்பதை மறைத்துவிட்டு அவர் புகழைப் பாட எனக்கு மனம் வரவில்லை. அவர் மேல் எனக்குள்ள மரியாதை இதைச் சொல்வதால் குறையவும் இல்லை.

அரசு ஊழியர் என்பதால் அவர் கை கட்டப்பட்டிருந்தது. 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் வெளிப்படையாகப் பொறுப்பேற்க முடியவில்லை. ஆனாலும் குழந்தை மணத்தை எதிர்த்து, மணவயதுப் பிரச்சினையை விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியம் சொன்னார். பதினொரு வயதில் தாலி ஏறிய பெண், அதிகாரிகள் முன் உட்கார்ந்து பேசியதை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் மணவயது பதினான்கு என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வேகம் கூடியது. 1942-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் தலைவராக, வயது வந்த பெண்கள் படிக்க ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை மேல்சபை உறுப்பினர். 1954-ல், அறுபத்தெட்டை நெருங்கும் வயதில், தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் அமைய முன்னின்றார். 1956-ல் வித்யா மந்திர் பள்ளி. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார்.

வேலையும் வாழ்க்கையும் அவருக்கு ஒரே கூரையின் கீழ் இருந்தன. இல்லத்துப் பெண்கள்தான் குடும்பம். அவருக்கு அது பொருந்தியது. எல்லோருக்கும் அதுதான் இலக்கணம் என்று நாம் பிடித்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்தது என்று நினைக்கிறேன். அதற்கு மாற்றாக, அதே சென்னையில் வேறொரு வாழ்க்கை இருக்கிறது.

மேரி கிளப்வாலா ஜாதவ். 1909-ல் உதகையில் பிறந்த பார்சிப் பெண். கணவர் நோகி கிளப்வாலா 1935-ல் இறந்தபோது மேரிக்கு இருபத்தாறு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, கையில் சின்ன மகன். துக்கத்திலிருந்து மீள்வதற்காக கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் பணிக்குள் வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது சென்னை வழியாகப் போன படைவீரர்களுக்கு உணவும் உபசரிப்பும் தர ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டினார். 1956-ல் சென்னையின் ஷெரீஃப் ஆனார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். பத்மஸ்ரீ, பத்மபூஷண், 1975-ல் பத்மவிபூஷண். இவற்றுக்கு நடுவே மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மறுமணமும் செய்துகொண்டார். ஊருக்கு உழைக்கிறவள் தனக்கென்று ஒரு துணை தேடிக்கொள்ளலாம் என்று அவர் வாழ்ந்து காட்டியது, அவர் நடத்திய எந்த இல்லத்துக்கும் குறைந்த சாதனை இல்லை.

ஆனால் மேரி செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது 1952. பம்பாயில் 1936-லேயே டாடா அறக்கட்டளையினர் சமூகப் பணிக்கென்று ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்கள். தெற்கே அப்படி ஒன்று வேண்டும் என்று மேரி முன்னின்று சென்னை சமூகப் பணிக் கல்லூரியை உருவாக்கினார். எழும்பூர் காஸா மேஜர் சாலையில் இருக்கிறதே, என் அக்கா மகள் படித்த அதே கல்லூரி. நல்ல மனசு மட்டும் போதாது, இதற்குப் படிப்பு வேண்டும் என்று ஊருக்குச் சொன்ன இடம். மனநலம் பாதித்துத் தெருவில் அலைந்த பெண்களுக்காக 1993-ல் பேனியன் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வந்தனா கோபிகுமாரும் இங்கே படித்தவர்தான்.

படிப்பு என்றால் என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருடம். வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் ஃபீல்டு ஒர்க். ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், சிறை, குடிசைப் பகுதி என்று எங்காவது அனுப்புவார்கள். பார்த்ததை, கேட்டதை, தான் பேசியதை எழுதிக் கொடுக்க வேண்டும். "அழாதீங்கம்மான்னு ஏன் சொன்னே? அவங்க அழுதா உனக்கு என்ன?" என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த நோட்டை எங்கள் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறாள். அந்த ஒரு வரியைப் படித்த நாளில் எனக்கே ஏதோ புரிந்தது. அழுகிறவரைச் சமாதானம் செய்ய நாம் துடிப்பது பாதி நமக்காகத்தான். உட்கார்ந்து கேட்கப் பழக வேண்டும்.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பாதிப் பேர் கம்பெனிகளின் மனிதவளத் துறைக்கு என்று அவள் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். அதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. ஐந்நூறு தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மீதிப் பேர் மருத்துவமனை, மனநல மையம், பள்ளி, தத்து கொடுக்கும் அமைப்புகள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அரசு அலகுகளில் பலரும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். திட்டம் நீடித்தால் வேலை நீடிக்கும். தொண்டு நிறுவனம் என்றால் புராஜெக்ட் முடிகிற மாதமே கவலை. ஒரு பெண்ணைக் கல்யாணக் கொடுமையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவர், தன் அடுத்த மாதச் சம்பளத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

மருத்துவர், வழக்கறிஞர், செவிலியர் எல்லோருக்கும் பதிவு செய்துகொள்ள ஒரு கவுன்சில் இருக்கிறது. மருத்துவத் துறையில் இருக்கும் சமூகப் பணியாளர்களுக்கு 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது. தத்து, சிறை, குடிசைப்பகுதி என்று வெளியே உழைப்பவர்களுக்கு நாடு முழுமைக்குமான தனிக் கவுன்சில் இன்னும் இல்லை. எழும்பூர்க் கல்லூரி தொடங்கி எழுபது வருடம் தாண்டிவிட்டது.

என் அக்கா மகளின் நாள் எப்படி இருக்கும்? சிறுநீரகப் பிரிவு. டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்ப்பது வெளியே தெரிகிற வேலை. உண்மையான வேலை வேறு. மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்தக் குடும்பத்தோடு உட்காருவது. உறுப்பு தானம் பற்றி எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, எப்போது பேசவே கூடாது என்று தெரிந்திருப்பது. தமிழ்நாடு உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டி என்று பெருமைப்படுகிறோம். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்ததை இன்றும் பேசுகிறோம். அறுவை செய்த மருத்துவரின் படம் பத்திரிகையில் வரும். ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரின் படம் வருவதில்லை. அந்த நாற்காலியில் இருப்பவர்களில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் நிறையப் பேர்.

அப்படி ஒரு ராத்திரி முடிந்து காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். நான் காபி கலந்தேன். குடிக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மணி நேரம். ஏற்கெனவே ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் கீழே வந்து, "சித்தி, பசிக்குது" என்றாள். தோசை வார்த்தேன். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அவளுக்கு வேலைக்கு வெளியே வாழ்க்கை உண்டு. அதை அவள் வம்படியாகக் காப்பாற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் அணைந்திருக்கும். புதன்கிழமை மாலை பாட்டு கிளாஸ். கச்சேரி செய்வதற்கு அல்ல, "ரெண்டு மணி நேரம் யாரும் என்கிட்ட பிரச்சினை சொல்ல மாட்டாங்க சித்தி" என்பதற்காக. நான் முதலில் இதைச் சுயநலம் என்றுதான் நினைத்தேன். தெருவில் யாராவது, "உங்காத்துப் பொண்ணு கிட்டே சொல்லி எங்க மாமனாருக்கு ஏதாவது பண்ணச் சொல்லுங்கோ" என்று ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினால், எழுப்பிவிடுவேன். ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து கதவை நான் பார்த்துக்கொள்கிறேன். முதியோர் உதவி எண் 14567-ஐயும், குழந்தைகளுக்கான 1098-ஐயும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு எண்ணைக் கொடுத்து, "திங்கட்கிழமை அவகிட்ட பேசுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறேன்.

பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நங்கநல்லூரில் தெருவுக்குத் தெரு உண்டு. வயதான பெற்றோரைப் பராமரிக்கச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், ராத்திரி மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவும் தெரிந்த படித்த ஆள் ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டும். நம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கின்றன. பூங்கா பராமரிக்கக் கொடுக்கின்றன. நாலைந்து சங்கங்கள் சேர்ந்தால் ஒரு சமூகப் பணியாளரை நல்ல சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை யாராவது எழுப்புங்கள். எங்கள் தெருச் சங்கத்தில் நான் எழுப்பப்போகிறேன்.

உங்கள் வீட்டில் சமூகப் பணி படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் படிக்கவையுங்கள். வேலைக்குச் சேரும் நாளில் எவ்வளவு தருவீர்கள், எத்தனை நாள் லீவு என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் அவளுக்குச் சாப்பாடு எடுத்து வையுங்கள். என்ன ஆயிற்று என்று உடனே கேட்காதீர்கள்.